தவளையின் காலில் தொடங்கிய வழக்கு: நரம்பில் ஓடுவது என்ன?

சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டால் கை தானாகப் பின்னுக்கு வந்துவிடும். "சுடுகிறது" என்று நாம் உணர்வதற்கு முன்பே கை விலகியிருக்கும். இது எப்படி நடக்கிறது என்று கேட்டால் பாடப் புத்தகம் ஒரே வரியில் பதில் சொல்கிறது: "நரம்பு செல்கள் தூண்டல்களை உணர்ந்து, அவற்றை மின் துடிப்புகளாக மாற்றிக் கடத்துகின்றன." தேர்வில் இதை எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இந்த ஒரு வரியை எழுத மனிதர்களுக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்த வரிக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நரம்பில் ஓடுவது உண்மையிலேயே மின்சாரம்தானா? அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? வெளியில் இருக்கும் சூடும் அழுத்தமும் எப்படி மின்சாரமாக மாறுகின்றன? இந்தக் கேள்விகளை முதலில் தீவிரமாக எழுப்பியவர் தன் காலத்தில் வாதத்தில் தோற்றுப் போனவராகவே கருதப்பட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று முழுமையாகத் தெரியவந்தபோது அவர் இறந்து 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மின்சாரத்துக்கு முன்

பண்டைய ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், நரம்புகள் வழியாக ஒரு நுண்ணிய ஆவி மூளையிலிருந்து உடலெங்கும் செல்கிறது என்று சொன்னார். 2-ஆம் நூற்றாண்டில் அவர் சொன்ன இந்தக் கருத்து ஏறக்குறைய 1500 ஆண்டுகள் அசையாமல் நின்றது. பிரெஞ்சு தத்துவ அறிஞர் டெகார்ட்டும் நரம்புகளைக் குழாய்களாகவே கற்பனை செய்தார். மூளையிலிருந்து ஆவி குழாய் வழியாகத் தசைக்குள் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்குகிறது, அதனால்தான் தசை சுருங்குகிறது என்பது அவருடைய விளக்கம். இதைச் சொல்லும் அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1662-ல் வெளிவந்தது.

இதை நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்வாமர்டாம் ஒரு எளிய சோதனையால் மறுத்தார். தவளையின் தசையை ஒரு கண்ணாடிக் குழலுக்குள் அடைத்து, அதன் மெல்லிய முனையில் ஒரு துளி நீரை வைத்தார். தசைக்குள் ஏதாவது புகுந்து அது பெரிதானால் நீர்த்துளி மேலே ஏற வேண்டும். நரம்பைத் தூண்டியதும் தசை சுருங்கியது, ஆனால் துளி ஏறவில்லை. அப்படியென்றால் தசைக்குள் எதுவும் ஊற்றப்படவில்லை. பிறகு எப்படிச் செய்தி போனது?

1740-களின் நடுவில் மின்சாரத்தைச் சேமிக்கும் லெய்டன் ஜாடி கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளும் புறமும் உலோகம் பூசிய ஒரு கண்ணாடி ஜாடி அது. அதைத் தொட்டவர்களின் கை வெட்டி இழுத்தது. நரம்பில் ஓடுவதும் மின்சாரமாக இருக்குமோ என்ற சந்தேகம் அப்போதுதான் வலுத்தது.

ஆனால் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற உடலியல் அறிஞர் ஹாலர் இதை ஏற்கவில்லை. அவர் வைத்த எதிர்வாதங்கள் மிக நியாயமானவை. முதலாவது, நரம்பைச் சுற்றி ஈரமான திசுக்கள் இருக்கின்றன. நரம்பில் மின்சாரம் ஓடினால் அது பக்கத்தில் இருப்பவற்றுக்கெல்லாம் கசிந்து போய்விடாதா? இரண்டாவது, நரம்பை ஒரு நூலால் இறுகக் கட்டினால் செய்தி நின்றுவிடுகிறது. ஈரமான கயிற்றில் முடிச்சுப் போட்டால் மின்சாரம் நின்றுவிடுமா என்ன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்று யாரிடமும் பதில் இல்லை. இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையின் கடைசிப் பகுதியில்தான் பதில் வருகிறது.

பொலோன்யாவின் தவளைகள்

இத்தாலியின் பொலோன்யா நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் லூயிஜி கால்வானி (1737-1798). 1780-களின் தொடக்கத்தில் அவர் தவளைக் கால்களை வைத்துச் சோதனைகள் செய்து வந்தார். தோலுரித்த தவளைக் கால் மேசைமேல் இருந்தது. உதவியாளர் ஒருவர் அறுவைக் கத்தியின் நுனியால் அதன் நரம்பைத் தொட்டார். உடனே கால் உதறியது. அந்தக் கணத்தில் கொஞ்சம் தள்ளியிருந்த மின் இயந்திரத்திலிருந்து ஒரு பொறி கிளம்பியதை இன்னொருவர் கவனித்தார். இயந்திரத்துக்கும் தவளைக்கும் இடையே எந்தக் கம்பியும் இல்லை!

கால்வானி இதைப் பல ஆண்டுகள் விதவிதமாகச் சோதித்தார். இடி மின்னலின்போது கால் உதறுகிறதா என்று பார்த்தார், உதறியது. 1786-ல் தவளைக் கால்களைப் பித்தளைக் கொக்கிகளில் மாட்டி இரும்புக் கம்பி வேலியில் தொங்கவிட்டார். வானம் தெளிவாக இருந்தது. ஆனாலும் கொக்கியை இரும்பின்மேல் அழுத்தியபோதெல்லாம் கால் உதறியது. வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் வரவில்லை என்றால் அது தவளைக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1791-ல் இதை ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஒரு முக்கியமான ஒப்புமை இருந்தது. ஒவ்வொரு தசை நாரும் ஒரு குட்டி லெய்டன் ஜாடி போன்றது, அதன் உள்ளும் புறமும் எதிரெதிர் மின்சாரம் சேர்ந்திருக்கிறது, நரம்பு அதை வெளியேற்றும் கம்பி போல வேலை செய்கிறது என்றார். இந்த மின்சாரத்துக்கு அவர் வைத்த பெயர் "விலங்கு மின்சாரம்".

வோல்டாவின் மறுப்பு

பாவியா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் அலெசாண்ட்ரோ வோல்டா (1745-1827) முதலில் கால்வானியைப் பெரிதும் பாராட்டினார். 1792-ல் சோதனைகளைத் தானும் செய்து பார்த்தார். ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. இரண்டு வெவ்வேறு உலோகங்களைப் பயன்படுத்தும்போதுதான் கால் நன்றாக உதறுகிறது. ஒரே உலோகம் என்றால் பெரும்பாலும் பலன் இல்லை. அப்படியானால் மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, இரண்டு உலோகங்கள் சேரும் இடத்திலிருந்து வருகிறது. தவளை வெறும் அளவுகோல்தான் என்றார் வோல்டா.

வாதம் சூடு பிடித்தது. உலோகமே இல்லாமல் செய்து காட்டினால்தான் வோல்டாவுக்குப் பதில் சொல்ல முடியும். 1794-ல் கால்வானி தரப்பு அதைச் செய்து காட்டியது. வெட்டிய நரம்பின் முனையைத் தசைமேல் படும்படி வைத்ததும் கால் உதறியது. ஈரமான இரண்டு வெவ்வேறு பொருள்கள் சேர்ந்ததால் வந்த விளைவு இது என்று வோல்டா அதையும் ஒதுக்கினார். 1797-ல் கால்வானி இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு காலின் நரம்பை இன்னொரு காலின் நரம்போடு மட்டும் தொட வைத்தார். உலோகமும் இல்லை, வேறுபட்ட பொருள்களும் இல்லை. அப்போதும் கால்கள் உதறின. விலங்கின் உடலிலேயே மின்சாரம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் காலம் அவர் பக்கம் இல்லை. நெப்போலியனின் படைகள் வட இத்தாலியைப் பிடித்துப் புதிய குடியரசை அமைத்திருந்தன. பேராசிரியர்கள் எல்லோரும் அதற்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று 1798-ல் உத்தரவு வந்தது. கால்வானி மறுத்தார், பதவி போனது. அவருடைய மனைவி லூசியா 1790-லேயே இறந்துவிட்டிருந்தார். 1798 டிசம்பர் 4-ல் கால்வானியும் காலமானார்.

வோல்டாவோ 1800 மார்ச் மாதம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். துத்தநாகம், வெள்ளி, உப்பு நீரில் நனைத்த அட்டை ஆகியவற்றை மாற்றி மாற்றி அடுக்கி, தொடர்ந்து மின்சாரம் தரும் ஒரு கருவியைச் செய்திருப்பதாக அதில் தெரிவித்தார். அதுதான் உலகின் முதல் பேட்டரி! 1801-ல் பாரிஸில் நெப்போலியன் முன்னிலையில் அதைச் செய்து காட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒரு கருவியின் முன்னால், இறந்து போன ஒருவரின் தவளை நரம்புச் சோதனை எடுபடவில்லை. கால்வானியின் மருமகன் ஆல்தினி 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் பேட்டரி மின்சாரத்தைச் செலுத்தி முகமும் கைகளும் அசைவதைக் காட்டினார். அது கூட்டத்தைத் திகைக்க வைத்ததே தவிர, மாமாவின் கேள்விக்குப் பதில் தரவில்லை.

நொடியைத் துண்டாக்கியவர்கள்

வாதத்தை மீண்டும் உயிர்ப்பித்தது அளவுக் கருவிகள்தான். இத்தாலியின் நோபிலி 1828-ல் தான் செய்த நுட்பமான கால்வனாமீட்டரால் தவளையின் உடலில் மின்னோட்டம் இருப்பதை அளந்தார். ஆனால் அது உயிரிலிருந்து வருவதாக அவரே நம்பவில்லை. 1840-களில் மற்றொரு இத்தாலியரான மத்தேயூச்சி, வெட்டிய தவளைத் தசைகளை வரிசையாக அடுக்கினால் பேட்டரி போலவே மின்சாரம் கூடுகிறது என்று காட்டினார். வோல்டாவின் அடுக்கைத் தவளைகளாலேயே செய்துவிட்டார் என்று சொல்லலாம்.

இதைப் படித்து உற்சாகமடைந்த பெர்லின் ஆய்வாளர் எமில் து புவா-ரேமோன், 24,000-க்கும் மேற்பட்ட சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருளை வைத்து ஒரு கால்வனாமீட்டரைச் செய்தார். அதன் மூலம் நரம்பைத் தூண்டும்போது அதில் ஏற்கெனவே இருக்கும் மின்சாரம் ஒரு கணம் குறைவதைக் கண்டார். செய்தி போகும்போது நரம்பில் மின் மாற்றம் நடக்கிறது என்பது முதன்முதலாக அளவிடப்பட்டது. கால்வானி இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

அடுத்த கேள்வி, செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது? பெர்லினின் பெரிய உடலியல் ஆசிரியர் யோஹானஸ் முல்லர், இதை அளக்கவே முடியாது என்று கருதினார். ஒளியைப் போல வேகமாக இருக்கலாம், இவ்வளவு சிறிய உடலில் அதை எப்படி அளப்பது என்பது அவருடைய எண்ணம். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849-ன் இறுதியில் அதை அளந்தே விட்டார். முறை எளிதானது. தவளையின் நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும், தொலைவில் ஒருமுறையும் தூண்ட வேண்டும். தசை சுருங்க எடுக்கும் நேரத்தில் உள்ள வித்தியாசம்தான் அந்தத் தூரத்தைக் கடக்க ஆன நேரம். அந்த வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. கணக்கிட்டால் வேகம் நொடிக்கு சுமார் 27 மீட்டர்!

மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம்தான் அது. இந்த முடிவைப் பலரால் நம்ப முடியவில்லை. நினைப்பதும் செய்வதும் ஒரே கணத்தில் நடப்பவை என்று எண்ணியிருந்த அவருடைய தந்தைக்கே அது விசித்திரமாகப் பட்டது. ஆனால் இந்த எண் ஒரு புதிய சிக்கலையும் கொண்டு வந்தது. தந்திக் கம்பியில் மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊர்களைத் தாண்டுகிறது. நரம்பிலும் மின்சாரம்தான் என்றால் அது ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது? ஆக, நரம்பு ஒரு கம்பி இல்லை. அதற்குள் வேறு ஏதோ நடக்கிறது.

உப்பும் சவ்வும்

இதற்கு முதல் நல்ல விளக்கத்தைத் தந்தவர், து புவா-ரேமோனின் மாணவரும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளருமாக இருந்த யூலியஸ் பெர்ன்ஸ்டைன். நரம்புத் துடிப்பு ஓர் இடத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு நொடிதான் நீடிக்கிறது என்று அவர் 1868-லேயே அளந்திருந்தார். 1902-ல் தன் சவ்வுக் கோட்பாட்டை வெளியிட்டார்.

அதன் சாரம் இதுதான். நரம்பு செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. செல்லுக்குள் பொட்டாசியம் அயனிகள் அதிகம், வெளியே குறைவு. சவ்வு பொட்டாசியத்தை மட்டும் கசிய விடுகிறது. நேர் மின்னூட்டம் கொண்ட பொட்டாசியம் வெளியே கசியக் கசிய, செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர் மின்னழுத்தம் பெறுகிறது. தூண்டல் வரும்போது சவ்வு ஒரு கணம் எல்லா அயனிகளுக்கும் வழிவிட்டுவிடுகிறது, அதனால் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வருகிறது. அதுவே துடிப்பு.

உள்ளும் புறமும் எதிரெதிர் மின்சாரம், நடுவில் ஒரு மெல்லிய தடுப்பு. கால்வானியின் லெய்டன் ஜாடி வேறொரு வடிவில் திரும்பி வந்துவிட்டது!

தொங்கிய தசை சொன்ன செய்தி

மின் துடிப்பு இருக்கிறது, சரி. ஆனால் அது என்ன சொல்கிறது? மெல்லத் தொடுவதையும் பலமாக அழுத்துவதையும் நரம்பு எப்படி வேறுபடுத்துகிறது? பலமான தூண்டலுக்குப் பெரிய துடிப்பு என்று நினைப்பது இயல்பு.

கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் 1920-களில் வால்வு பெருக்கியைப் பயன்படுத்தி நரம்பின் மிகச் சிறிய மின் மாற்றங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். ஒரு தவளையின் தசையையும் அதன் நரம்பையும் கருவியில் பொருத்தியபோது பதிவுக் கோடு ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கருவியில் கோளாறு என்று எண்ணினார். தசையை ஒரு கண்ணாடித் தட்டின்மேல் கிடத்தியதும் நடுக்கம் நின்றது. தொங்கவிட்டதும் மீண்டும் வந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தன் சொந்த எடையால் தசை இழுபடுகிறது, அந்த இழுவையைத் தசைக்குள் இருக்கும் உணர்வேற்பிகள் நரம்பு வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தொல்லை என்று நினைத்ததுதான் அவர் தேடிய செய்தி.

1926-ல் ஏட்ரியனும் சுவீடனைச் சேர்ந்த சாட்டர்மனும் ஒரே ஒரு நரம்பு நாரின் துடிப்புகளைத் தனியாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். அதில் தெரிந்தவை:

1. எல்லாத் துடிப்புகளும் ஒரே அளவு. தூண்டல் பலமானாலும் துடிப்பு பெரிதாவதில்லை.
2. தூண்டல் பலமானால் துடிப்புகள் அடிக்கடி வருகின்றன. அதாவது பலம் என்பது எண்ணிக்கையில் சொல்லப்படுகிறது.
3. தூண்டல் மாறாமல் நீடித்தால் துடிப்புகள் மெல்லக் குறைகின்றன. காலையில் கட்டிய கைக்கடிகாரத்தைச் சிறிது நேரத்தில் மறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணிலிருந்து வருவதும் தோலிலிருந்து வருவதும் ஒரே மாதிரித் துடிப்புகள்தான். எந்த நரம்பு வழியாக வந்தது என்பதை வைத்துத்தான் மூளை அதை ஒளி என்றோ தொடுதல் என்றோ எடுத்துக்கொள்கிறது. மூடிய கண்ணை லேசாக அழுத்தினால் வெளிச்சம் தெரிவது இதனால்தான். முல்லர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சொன்ன இந்த விதிக்கு ஏட்ரியனின் பதிவுகள் வலு சேர்த்தன. 1932-ல் அவருக்கும் ஷெரிங்டனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கணவாயும் கைக் கணக்குப் பொறியும்

பெர்ன்ஸ்டைன் சொன்னது சரிதானா என்று பார்க்க நரம்பு நாரின் உள்ளேயே மின்வாயை நுழைத்து அளக்க வேண்டும். ஆனால் நார்கள் தலைமுடியைவிட மெலிந்தவை. இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஸ்க்விட் எனப்படும் ஊசிக்கணவாய். ஆபத்து வந்தால் நீரைப் பீய்ச்சித் தப்பிக்க அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான ராட்சத நரம்பு நார் இருக்கிறது. 1936-ல் ஜே. இசட். யங் இதை ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டு வந்தார்.

1939 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் ஆய்வகத்தில் 25 வயது ஆலன் ஹாட்ஜ்கினும் 21 வயது ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த நாருக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை நீளவாக்கில் செலுத்தி அளந்தார்கள். துடிப்பின்போது உள் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அது பூஜ்ஜியத்தைத் தாண்டி நேர்ப்பக்கம் சுமார் 40 மில்லிவோல்ட் வரை ஏறியது! பெர்ன்ஸ்டைனின் கோட்பாட்டால் இதை விளக்க முடியாது. யோசிக்க நேரம் இல்லை. செப்டம்பர் 1-ல் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது, உலகப்போர் வெடித்தது. ஒரு சிறு கட்டுரையை மட்டும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டுவிட்டு ஹாட்ஜ்கின் ரேடார் பணிக்கும், ஹக்ஸ்லி பின்னர் பீரங்கி ஆய்வுப் பணிக்கும் போனார்கள்.

போருக்குப் பின் 1947-ல் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் வெளிநீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். துடிப்பின் உயரமும் குறைந்தது. ஆக, துடிப்பை மேலே தூக்குவது சோடியம்! கணவாய் நாருக்கு உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல் 20 மடங்கு, சோடியமோ வெளியேதான் சுமார் 9 மடங்கு அதிகம். தூண்டல் வந்ததும் சோடியத்துக்கான வழி திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் எகிறுகிறது. உடனே அந்த வழி அடைபட்டு, பொட்டாசியத்துக்கான வழி திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஓரிரு ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். தீர்த்துப் பார்க்கக் கணினி வேண்டும். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைப்புப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியில் உட்கார்ந்தார். நரம்பில் பயணிக்கும் ஒரு துடிப்பைக் கணக்கிட ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று கணக்கு சொன்னது. கணவாயில் அளந்தது 21.2 மீட்டர். இவ்வளவு நெருக்கம் போதுமான சாட்சி. 1963-ல் இருவரும் எக்கிள்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஹாலருக்குப் பதில்

இப்போது ஹாலரின் பழைய கேள்விகளுக்கு வரலாம். இதைப் புரிந்துகொள்ளத் தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு முனையில் பற்ற வைத்தால் மறுமுனை வரை வெடிக்கிறது. ஆனால் முதல் வெடியிலிருந்த மருந்து கடைசி வரை ஓடவில்லை. ஒவ்வொரு வெடியும் தன்னிடம் உள்ள மருந்தால் வெடித்து அடுத்ததைப் பற்ற வைக்கிறது. ஊதுவத்தியால் பற்ற வைத்தாலும் தீப்பந்தத்தால் பற்ற வைத்தாலும் ஒரே சத்தம்தான். நடுவில் திரி நனைந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

நரம்பும் அப்படித்தான். ஓர் இடத்தில் உள்ளே பாயும் சோடியம் பக்கத்துச் சவ்வைத் தூண்டுகிறது, அங்கே மீண்டும் வழி திறக்கிறது. துடிப்பு ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் பிறக்கிறது. அதனால்தான் கசிவால் அது தேய்வதில்லை. அதனால்தான் நூலால் கட்டி அந்த இடத்தை நசுக்கினால் நின்றுவிடுகிறது. அதனால்தான் கம்பி மின்சாரத்தைவிட மெதுவாகவும் போகிறது. ஒரே வித்தியாசம், வெடி ஒருமுறைதான் வெடிக்கும். நரம்பு சில ஆயிரத்தில் ஒரு நொடியில் அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிடும். இடம் மாறிய அயனிகளைத் திருப்பி அனுப்பச் சவ்வில் ஒரு பம்ப் ஓயாமல் இயங்குகிறது. மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இந்தப் பம்பை 1957-ல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தார்.

நம் உடலின் வேகமான நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறையின் இடைவெளிகளில் மட்டும் துடிப்பு புதிதாகப் பிறப்பதால் அது தாவித் தாவிச் செல்கிறது. நொடிக்கு 120 மீட்டர் வரை வேகம் கிடைக்கிறது. பல் பிடுங்கும் முன் போடும் மரத்துப்போகும் ஊசி, சோடியம் வழிகளை அடைத்து அந்த இடத்தில் துடிப்பு பிறக்காமல் செய்கிறது.

கதவுகளைக் கண்டவர்கள்

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் "வழி திறக்கிறது" என்றார்களே தவிர, அந்த வழியை யாரும் பார்த்ததில்லை. 1976-ல் ஜெர்மனியில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் மிக நுண்ணிய கண்ணாடிக் குழல் முனையைச் செல்லின்மேல் ஒட்ட வைத்து, ஒரே ஒரு அயனி வாயில் திறந்து மூடுவதைப் பதிவு செய்தார்கள். அந்த மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் லட்சம் கோடியில் சில பங்கு மட்டுமே. அவர்கள் பயன்படுத்தியதும் தவளையின் தசைதான்!

மிச்சமிருந்தது கடைசிக் கேள்வி: சூடும் அழுத்தமும் எப்படி மின்சாரமாகின்றன? 1997-ல் டேவிட் ஜூலியஸின் குழு மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை வைத்து அதற்கு எதிர்வினை காட்டும் புரதத்தைத் தேடியது. கிடைத்தது ஓர் அயனி வாயில். காரம் பட்டாலும் திறக்கிறது, 43 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கிறது. மிளகாயைக் கடித்தால் நாக்கு "எரிகிறது" என்று சொல்வது வெறும் பேச்சு வழக்கு இல்லை, நரம்புக்கு இரண்டும் ஒரே செய்திதான். 2010-ல் ஆர்டம் பட்டபூட்டியனின் குழு 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்து, அழுத்தினால் திறக்கும் வாயிலைக் கண்டுபிடித்தது. அதற்குப் பியெசோ என்று பெயரிட்டார்கள். இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் குடும்பத்தின் இரண்டாவது வாயிலான பியெசோ-2 தான் தசை இழுபடுவதையும் உணர்கிறது என்று பின்னர் தெரிந்தது. ஏட்ரியனின் பதிவுக் கோடு நடுங்கியதற்கான காரணத்தைத் தேடிப் போனால் இப்படிப்பட்ட வாயிலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வாயில் பிறவியிலேயே வேலை செய்யாத இரண்டு பேரை 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து எழுதினார்கள். கண்ணைத் திறந்திருந்தால் அவர்களால் கையை நீட்டிப் பொருளைத் தொட முடிந்தது. கண்ணைக் கட்டினால் தங்கள் கையும் காலும் எங்கே இருக்கின்றன என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நாம் ஒருபோதும் நினைத்துப் பார்க்காத ஒரு புலன், ஒரே ஒரு புரதத்தை நம்பி இருக்கிறது.

யார் வென்றார்?

வழக்கின் தீர்ப்பு என்ன? இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் மின்சாரம் வரும் என்ற வோல்டா சொன்னது சரி. கம்பி வேலியில் தவளைக் காலைத் தூண்டியது உலோகம்தான். விலங்கின் உடலில் மின்சாரம் இருக்கிறது என்ற கால்வானி சொன்னதும் சரி. அவர் தவறியது விவரங்களில்தான். மூளை சுரக்கும் மின் திரவம் என்று ஒன்று கிடையாது, இருப்பது உப்பின் அயனிகள். ஆனால் உள்ளும் புறமும் எதிரெதிர் மின்சாரம் சேர்ந்த குட்டி ஜாடி என்ற அவருடைய ஊகம், சவ்வைப் பார்த்திராத ஒருவர் சொன்னது என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

வோல்டாவின் மறுப்பும் வீண் போகவில்லை. அதிலிருந்து பேட்டரி வந்தது. பேட்டரியிலிருந்து மின்காந்தமும் கால்வனாமீட்டரும் வந்தன. அந்தக் கால்வனாமீட்டரை வைத்துத்தான் பின்னால் வந்தவர்கள் கால்வானி சொன்னதை நிரூபிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கருவிக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் அதன் முள் அசைவதைப் பார்க்கும் கண்ணுக்கும், அதை மூளைக்குச் சொல்லும் நரம்புக்கும் வேலை கொடுப்பது அவர் தேடிய அதே மின்சாரம்தான்.